ஏற்காட்டில் எங்கள் முறை

எல்லோரும் சௌக்கியமா? இந்தக் கார்த்திகை மழையில் யாருக்கும் காய்ச்சல், இருமல் இல்லையே? இங்கே அபிஷேகப்பாக்கத்தில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கிறது. எனக்கு முழங்கால் வலி வழக்கம் போல. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ஆறவில்லை. அதைச் சொல்லித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்கு ஏற்காட்டில் ஒரு வாரம் இருக்கிறது. வீடு இல்லை, நிலம் இல்லை. வாரம். புரியவில்லை அல்லவா? எனக்கும் முதலில் புரியவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் கொழுந்தனார் சம்மந்தம் புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் சீட்டு எழுதிப் போட்டார். பரிசு விழுந்திருக்கிறது, ஜோடியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று போன் வந்தது. அவரும் அவர் மனைவி பாக்யலட்சுமியும், நானும் என் வீட்டுக்காரர் கண்ணையனும், நாலு பேருமாகப் போனோம். ஒரு ஓட்டலில் உட்காரவைத்து, வயிறு முட்ட சாப்பாடு போட்டு, டை கட்டின ஒருத்தர் சுவரில் படம் காட்டினார். மலை, ஏரி, பனி, வெள்ளை விரிப்பு விரித்த கட்டில். இருபத்தைந்து வருடத்துக்கு, வருடம் ஒரு வாரம், அந்த அறை நம்முடையதாம். நாம் போகலாம், வாடகைக்கு விடலாம், பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம் என்றார். கரும்புப் பணம் அப்போதுதான் வந்திருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். இரண்டு பேர் பெயரிலும் எழுதியாகிவிட்டது. பரிசு ஒரு குக்கர்.

ஆவணி இரண்டாம் வாரம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். சொர்ணவாரி அறுப்பு முடிந்து சம்பா நடவுக்கு முன்னால் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம் அதுதான். யாருக்கு எந்த வருடம் என்பதற்கு யோசிக்கவே இல்லை. எங்கள் போர்வெல் ஒன்று, வயல் இரண்டு. ஒரு நாள் அண்ணன் தண்ணீர் விடுவார், மறுநாள் தம்பி விடுவார். அதே முறைதான் ஏற்காட்டுக்கும். ஒரு வருடம் எங்களுக்கு, ஒரு வருடம் அவர்களுக்கு. முதல் முறை அண்ணனுக்கு.

சம்மந்தம் வீட்டில் அவர்கள் முறை ஒன்றைக்கூட விடவில்லை. கொரோனா சமயத்தில் வந்த முறைக்குக்கூட ஈ-பாஸுக்கு அலைந்தார்கள். எங்கள் முறை என்ன ஆனது தெரியுமா? முதல் தடவை, புதிதாகக் கட்டிக்கொடுத்த மகளின் மாமனார் மாமியாருக்கு மரியாதைக்காகக் கொடுத்தோம். அடுத்த தடவை மாடு கன்று போடும் நாள், யாராவது இருக்க வேண்டும், நான் இருந்தேன். அவரும் என் மகன் அரிகரனும் போய்வந்தார்கள். மூன்றாம் தடவை பையில் துணியெல்லாம் அடுக்கியாகிவிட்டது, மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இன்னொரு தடவை என்ன காரணம் என்றே நினைவில்லை. ஏதாவது இருந்திருக்கும். பிறகு ஊரடங்கு. பிறகு அவருக்குக் கிட்னி.

நான் ஒன்றும் பெரிதாக ஆசைப்படவில்லை. ஏரி, படகு எல்லாம் யாருக்கு வேண்டும்? காலையில் கண் விழித்தால் காபியை வேறொருத்தர் கொண்டுவந்து வைக்க வேண்டும். இன்றைக்கு என்ன குழம்பு என்று ஏழு நாளைக்கு யாரும் என்னைக் கேட்கக் கூடாது. அவ்வளவுதான். நாற்பத்தாறு வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

போன வருடம் ஐப்பசியில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். இந்தச் சித்திரையில் சம்மந்தம் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணி, ஏற்காட்டு ரூமுக்கு வருஷா வருஷம் பராமரிப்புக் காசுன்னு ஏத்திக்கினே போறான். சென்னையில ஒரு ஏஜென்ட் வாங்கிக்கிறேன்றான். வித்துடலாம். அண்ணன் பேர் இருக்கறதால நீ ஒரு கையெழுத்து போடணும், அதான்.”

அரிகரன் சேதராப்பட்டில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவனுக்கு வேறு கணக்கு. “இன்னாத்துக்கு சித்தப்பா விக்கணும்? நெட்ல போட்டா வாடகைக்கு நான் நீன்னு வருவானுங்க. எங்க கம்பெனியிலயே ஆள் இருக்குது.”

“விக்கறதும் வேணாம், ஒண்ணும் வேணாம். நம்ம புள்ளைங்களுக்கு இருக்கட்டும்” என்றாள் பாக்யலட்சுமி.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

“இந்த வருஷம் எங்க முறை. நான் ஒரு தபா போய்ட்டு வரேன். வந்து எங்க சொல்றீங்களோ அங்க கையெழுத்து போடறேன்.”

பாக்யலட்சுமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “அக்கா, மாமா செத்து வருஷம் திரும்பலையே! மலை ஏறலாமா?”

நான் மறந்தே போயிருந்தேன். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருடம் திரும்புகிற வரைக்கும் மலை ஏறக் கூடாது. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! ஆவணியில் பத்து மாதம்தான் ஆகியிருக்கும்.

“அது திருப்பதிக்குத்தாம்மா” என்றான் அரிகரன். “ரிசார்ட்டுக்கு இன்னா தீட்டு?”

“அங்கயும் சேர்வராயன் சாமி இருக்குதுடா. மலை மலைதான்.”

இதைச் சொன்னது நான். என் வாயால் நானே சொன்னேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

சம்மந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கும் கூடப் பொறந்த அண்ணன்தான். நானும் ஏற மாட்டேன். இந்த வருஷம் வாடகைக்கு விட்டுடுவோம். வில்லியனூர்ல ஒரு பார்ட்டி கேட்டுக்கினு இருக்கான். வர்ற காசு பராமரிப்புக்குப் போவட்டும். உன் முறை எங்க அண்ணி போவப் போவுது? அடுத்த வருஷம் நீ போ.”

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீடு தண்ணீர் முறையை விட்டுவிட்டால், காரியம் முடிந்ததும் அடுத்தவர் திருப்பித் தருவார். ஒரு நாள் கூடக் குறையாது. எழுதிவைப்பதில்லை, சாட்சி கிடையாது. அதனால் நான் தலையை ஆட்டினேன்.

ஆவணி வந்தது. இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை மணப்பட்டிலிருந்து கஸ்தூரி மீன் கொண்டுவந்தாள். வாரம் இரண்டு தடவை ஸ்கூட்டியில் வருவாள். எல்லா வீட்டு நம்பரும் வைத்திருக்கிறாள், காலையில் கரைக்கு வந்த மீனைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள், வேண்டியவர்கள் சொல்லிவைத்துக்கொள்வார்கள்.

“உங்க ஓர்ப்படிக்கு எடுத்தாந்த சங்கரா அப்படியே இருக்குது ஆயா, நீ எடுத்துக்கிறியா? அவங்க வர ஞாயித்துக்கிழமை ஆவுமாமே.”

“மக வூட்டுக்குப் போயிருக்கா, பாகூருக்கு. நாளைக்கு வந்துடுவா.”

“பாகூரா? பாகூர்ல ஏது ஆயா இவ்ளோ பனி?”

ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு போனைத் திறந்து காட்டினாள். பாக்யலட்சுமி ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். ஏரிக்கரையில் சம்மந்தம் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்கிறார். பக்கத்தில் மகள், மருமகன், பேரப் பிள்ளைகள். அடுத்த படத்தில் வெள்ளை விரிப்புக் கட்டில். அதன் மேல் பாக்யலட்சுமி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், கையில் காபிக் கோப்பை.

என் போனில் பார்த்தேன், ஒன்றுமில்லை. அரிகரன் போனிலும் இல்லை. சொந்தக்காரர்கள் யார் கண்ணிலும் படாமல் மறைத்துத்தான் வைத்திருக்கிறாள். மீன்காரியை மறைக்கத் தோன்றவில்லை.

“இன்னா ஆயா, ஒரு மாதிரி ஆயிட்ட?”

“ஒண்ணும் இல்லடி. மீனை வெட்டு.”

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை திரும்பினார்கள். நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. சம்மந்தம் தானாக வந்து சொல்வார் என்று பார்த்தேன். மோட்டார் போட வருவார், “அண்ணி, சாப்டியா?” என்பார், போவார்.

ஐப்பசியில் வருட தெவசம். பந்தியில் பாக்யலட்சுமி ஓடி ஓடிப் பரிமாறினாள். சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் சம்மந்தம் பையிலிருந்து தாளை எடுத்தார்.

“ஏஜென்ட் அவசரப்படறான் அண்ணி. வருஷம்தான் திரும்பிடுச்சே. ஒரு கையெழுத்து.”

“நான் இன்னும் போவலையேப்பா.”

“அது எப்படி அண்ணி? உன் முறைதான் இந்த வருஷம் வாடகைக்குப் போச்சே. வர்ற வருஷம் என் முறை.”

“வாடகைக்கு யார் வந்தாங்க?”

“அதான் சொன்னேனே, வில்லியனூர் பார்ட்டி.”

“அந்தப் பார்ட்டிக்கு பேரு சம்மந்தமா? குரங்குக் குல்லா போட்டுக்கினு பஜ்ஜி துன்னானே, அவனா?”

பந்தியில் மிச்சம் இருந்தவர்கள் கை சோற்றில் அப்படியே நின்றது. சம்மந்தம் மனைவியைப் பார்த்தார். பாக்யலட்சுமிக்கு வெட்கமே இல்லை, வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“வாடகைக்கு ஆள் கிடைக்கல அக்கா. சும்மா போவுதேன்னு போனோம். அதும் வண்டியிலதான போனோம்? மலை ஏறலையே!”

“வண்டியிலன்னா நானும் வந்திருப்பேனேடி. எனக்கு மட்டும் நடந்து ஏறச் சொல்லியா போட்டிருக்குது?”

“நீதான் அக்கா மலை மலைதான்னு சொன்ன.”

அதற்கு நான் என்ன சொல்வது? சொன்னேன்தான். நான் நம்பினதை வைத்தே என்னை வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூடப் பிறந்தவருக்கு இல்லாத தீட்டு கட்டிக்கொண்டவளுக்கு மட்டும்.

“போவட்டும் விடு அண்ணி” என்றார் சம்மந்தம். “வித்து வர்ற காசுல உன் பங்கை வச்சிக்கினு நீ எங்க வேணா போ. ஊட்டிக்கே போ.”

தாளை வாங்கினேன். கிழிக்கவில்லை. மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன்.

“கையெழுத்து கிடையாது. இப்ப இல்ல, எப்பவும் இல்ல.”

அன்றைக்குச் சாயங்காலம் அரிகரன் குதித்தான். “அம்மா, உனக்கு இன்னா பைத்தியமா? நானும் சித்தப்பாவும் இன்னும் பதிமூணு வருஷத்துக்குப் பராமரிப்பு கட்டிக்கினே இருக்கணுமா? கையெழுத்தப் போடு. உனக்கு ஏற்காட்டுல நான் ரூம் போடறேன்.”

“எப்ப?”

“லீவு கிடைக்கறப்ப.”

“கிடைக்கட்டும். அப்ப பேசு.”

அவன் பெண்டாட்டியிடம் போய் ஏதோ முணுமுணுத்தான். பராமரிப்பு கட்டுகிற தடவையெல்லாம் என் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் கட்டப்போகிறான், தெரியும். கட்டட்டும்.

இப்போது நிலவரம் இதுதான். விற்க முடியாது, நான் கையெழுத்துப் போடாததால். வாடகைக்கு விட முடியாது, இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லாததால். வர்ற ஆவணியில் அவர்கள் போவார்களோ என்னவோ. பாக்யலட்சுமி தன் பேரப் பிள்ளைகளிடம், பெரிய ஆயாவைப் பார்த்தால் பேசக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறாளாம். மோட்டார் முறை மட்டும் தவறாமல் நடக்கிறது. சம்மந்தம் வருகிற நாளில் நான் மோட்டார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஊரில் எல்லோரும் எனக்குப் பிடிவாதம் என்கிறார்கள். கையெழுத்துப் போட்டிருந்தால் காசாவது வந்திருக்கும், உறவாவது மிஞ்சியிருக்கும், இவ்வளவு வயசுக்கு மேல் இதென்ன வீம்பு என்கிறார்கள். இருக்கலாம். நான் ஏற்காட்டைப் பார்க்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியாதா? முழங்கால் இந்த லட்சணத்தில் இருக்கும்போது அடுத்த முறை எங்கே, நான் எங்கே! ஆனால் என் வாரத்தை என்னைக் கேட்காமல் தின்றவர்களுக்கு, அதைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துக்கொடுக்கவும் என் கைதான் வேண்டுமா?

உங்கள் வீட்டிலும் இப்படிப் பங்கு போட்ட வாரமோ, வயலோ, வேறெதுவோ இருக்கும். உங்கள் முறையை யாராவது எடுத்துக்கொண்டார்களா? விற்றீர்களா, விட்டுக்கொடுத்தீர்களா, இல்லை என்னைப் போல் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? ஒளிக்காமல் எழுதுங்கள். நியாயம் சொல்ல வேண்டாம், அதற்கு இங்கே ஊரே இருக்கிறது. உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள்.