பூஜ்யமும் ஒரு பதில்தான்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு கவுண்டி (மாவட்ட நிர்வாக) அலுவலகத்தின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்பவள் மார்லிஸ். அந்தத் தளம் பிஎச்பி என்ற கணினி நிரல்மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியைத் திட்டாமல் அவளுக்கு ஒரு நாளும் போகாது. பக்கத்து மேசை டுவைட், "உலகமே அதை வச்சுத்தான் ஓட்டுது, உனக்கு மட்டும் என்னவாம்?" என்று சீண்டுவான்.

ஜனவரியில் ஒரு காலை ஆரின் என்ற பெரியவர் போன் செய்தார். குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் செலவுக்கு உதவி கேட்டு அந்தத் தளத்தில் நிரப்பும் படிவம் அவரை மேலே போக விடவில்லை.

"உங்களைத் தவிர வீட்டுல எத்தனை பேர் இருக்காங்கன்னு கேக்குதும்மா. பூஜ்யம்னு போட்டா, பதில் எழுதலைங்குது. நாலு தடவை போட்டுட்டேன். ஆகஸ்டுல என் மனைவி போயிட்டா. இன்னும் எப்படிச் சொல்றது?"

மார்லிஸுக்கு உடனே புரிந்தது. ஒரு கட்டம் காலியா என்று கேட்டால், அதில் பூஜ்யம் இருந்தாலும் காலி என்றே சொல்லும் அந்த மொழி. அதை வைத்து அவள் எத்தனையோ முறை ஜோக்கடித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

"தப்பு உங்க மேல இல்லைங்க. லைன்லயே இருங்க," என்றவள் ஒரே ஒரு வரியை மாற்றினாள். "இப்பப் போடுங்க."

மறுமுனையில் அவர் விசையைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஏத்துக்கிச்சு," என்றார். "நாயைச் சேத்து ஒண்ணுன்னு போட்டுடலாமான்னு பாத்தேன். பொய்யாயிடுமேன்னு விட்டுட்டேன்."

போனை வைத்ததும், அதே தவறு வேறு எங்கெல்லாம் இருக்கிறதென்று தேடினாள். நாற்பத்தோரு இடங்கள். எட்டிப் பார்த்த டுவைட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"பாதியை எனக்குக் குடு," என்றான்.