இஞ்சினுக்கு ஃபேஷியல்

அண்ணி டூத்பிரஷ்ஷால் லாரியின் இஞ்சினைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் புது பிரஷ். வீட்டில் ஆளாளுக்கு முள் சாய்ந்துபோன பிரஷ்ஷை வைத்துப் பல்லை ஒப்பேற்றிக்கொண்டிருக்க, இஞ்சினுக்கு மட்டும் அட்டை பிரிக்காத பிரஷ் நான்கு. அதைப் பார்த்ததுமே ஒயருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

ஒயரு என்பது அண்ணன் அவளுக்கு வைத்த பெயர். ஆளும் ஒல்லி, செய்கிற வேலையும் ஒயர் வேலை. பகலெல்லாம் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடையில் டைனமோவுக்குக் கம்பி சுற்றுவாள். வீட்டுக்கு வந்தால் அண்ணனின் லாரி. அந்த மூக்கு நீண்ட பழைய லாரியை அண்ணன் வாங்கிய நாளிலிருந்து அதன் விளக்கு, ஹாரன், பேட்டரி எல்லாம் அவள் பாடு. பானட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டாளென்றால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது.

வருடத்துக்கு ஒருமுறை லாரிக்காரர்கள் சங்கத்தில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். அன்றைக்கு வண்டிகளையெல்லாம் ஒரு திடலில் வரிசையாக நிறுத்தி பானட்டைத் திறந்து வைப்பார்கள். வெளியே அடித்த பெயிண்ட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்ப்பதெல்லாம் உள்ளேதான். சங்கத்துச் செயலாளர் வெள்ளைக் கைக்குட்டையால் இஞ்சினின் இடுக்குகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே போவார். எந்த வண்டியில் கைக்குட்டை அழுக்காகவில்லையோ அந்த வண்டியின் படம் ஒரு வருடம் சங்கத்துச் சுவரில் தொங்கும். வண்டியோடு இரண்டு பேர்தான் போகலாம். ஓட்டுகிறவர் ஒருவர், உள்ளே வேலை பார்த்தவர் ஒருவர். படத்திலும் அந்த இருவர்தான்.

நான்கு வருடமாக அண்ணனுக்குப் பக்கத்து சீட்டில் ஒயருதான் போனாள். ஒரு முறைகூடப் படம் சுவர் ஏறவில்லை. அது அவளுக்கு ஒரு குறையாகவும் தெரியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, அண்ணனோடு எதையாவது பேசிச் சிரித்துக்கொண்டு போவதே அவளுக்கு வருடம் முழுக்கப் போதுமானதாக இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அண்ணி வந்தாள். பியூட்டி பார்லரில் வேலை பார்த்தவள். வந்த ஒரு மாதம் வண்டிப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் அண்ணனுக்குக் காபி கொண்டுபோனவள், திறந்திருந்த பானட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயையோ, என்னங்க இது? கரி பிடிச்ச அடுப்பாட்டம் இருக்கு!"

முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து டீசலையும் பழைய துணியையும் வைத்து அதைத் துடைத்திருந்தவள் ஒயரு. அண்ணன் அதைச் சொல்வான் என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவனோ விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீதான் மூஞ்சி கழுவி விடுறதுல கெட்டிக்காரியாச்சே. இதுக்கும் ஒரு ஃபேஷியல் பண்ணிவிடேன்" என்றான்.

வேடிக்கைக்குச் சொன்னதை அண்ணி வேலையாகவே எடுத்துக்கொண்டாள். முதல் ஞாயிற்றுக்கிழமை, இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் படக்கூடாத இடங்களையெல்லாம் ஒயரிடமே கேட்டுக் கேட்டு பாலித்தீன் பையால் மூடினாள். டைனமோவுக்கு ஒரு பை, ஃபியூஸ் பெட்டிக்கு ஒரு பை, காற்று போகும் குழாய் வாய்க்கு ஒரு பை. பிறகு அழுக்கு நீக்கும் மருந்தை அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டாள். பல வருடத்துப் பிசுக்கு கறுப்பு கறுப்பாக வழிந்து வாசலில் ஓடியது. அம்மா நாற்காலியைப் போட்டுக்கொண்டு சினிமா பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எங்கடி இருந்துச்சு இத்தனை அழுக்கு? நாலு வருசமா இவ துடைச்சா துடைச்சான்னு சொன்னீங்களே?"

"மேல துடைச்சேம்மா" என்றாள் ஒயரு. "வண்டி ஓடணும்ல. குளிப்பாட்டிக்கிட்டே இருந்தா எப்ப ஓடுறது?"

"கோவத்தைப் பாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அடுத்த வாரம் அண்ணி காது குடையும் பஞ்சுக் குச்சியால் போல்ட் தலைகளின் நடுக்குழியைத் துடைத்தாள். புருவத்துக்கு மை தீட்டும் பிரஷ்ஷால் துருவின்மேல் மருந்து தடவினாள். ஒயர் முனைகளில் ஈரம் நிற்கக்கூடாது என்று ஒயரு ஒரு பேச்சுக்குச் சொன்னதற்கு, தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து ஒவ்வொரு முனையாக ஊதினாள். இஞ்சின் தலையில் உட்கார்ந்திருந்த மூடியைக் கழற்றச் சொல்லி, சூடு தாங்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்தாள். தூரிகை பட்ட தடமே தெரியவில்லை. நகப்பூச்சு பூசிப் பழகிய கை. அந்தக் கையை வெறுக்கக்கூட முடியவில்லை என்பதுதான் ஒயருக்குப் பெரிய வேதனை. தொங்கிக்கொண்டிருந்த ஒயர்களை ஒயருதான் கறுப்புக் குழாய்க்குள் திணித்து ஓரமாகக் கொண்டுபோனாள். நல்ல வேலைதான். ஆனால் மறைந்து கிடப்பதுதான் அந்த வேலையின் லட்சணம். யார் கண்ணுக்குத் தெரியும்?

தெருவே வந்து பார்த்தது. அண்ணனின் கூட்டாளி, மீசை என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு லாரிக்காரர், பானட்டுக்குள் தலையை நீட்டி விசிலடித்தார்.

"டேய், இதுல முகம் பார்த்து நான் மீசையே கத்தரிச்சுக்கலாம் போலிருக்கேடா! யாரு கைவண்ணம்?"

"என் வீட்டுக்காரி" என்றான் அண்ணன். சொல்லும்போது அவன் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

பக்கத்தில் ஸ்குரூ டிரைவரோடு ஒயரு நின்றுகொண்டிருந்தாள். அவளும் செய்தாள் என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. வரவில்லை. முன்னால் வந்த காதைவிடப் பின்னால் வந்த கொம்பு உசத்தி என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று சாப்பிடும்போதுதான் அண்ணன் அதையும் போட்டு உடைத்தான். "இந்த வருசம் அண்ணி வரட்டும் ஒயரு. உள்ள வேலை பார்த்தது அவதானே. படம் விழுந்தா அவ முகம் விழணும், அதானே நியாயம்?"

"நியாயம்தான்" என்றாள் ஒயரு. தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

திடலுக்குப் போவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. கடைசியாக, பேட்டரிக்குப் பக்கத்தில் வண்டியின் இரும்புச் சட்டத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கவேண்டியிருந்தது. அதற்காக ஒயரு பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து அதை மாட்டப் போனபோதுதான் பார்த்தாள்.

எர்த் ஒயரின் வளையம் சட்டத்தோடு ஒட்டுகிற இடத்தில், ஒரு நாணயம் அகலத்துக்கு இரும்பு வெறுமையாகத்தான் இருக்கவேண்டும். இரும்பு இரும்பைத் தொட்டால்தான் கரண்ட் திரும்பிப் போகும். ஒயரு வருடா வருடம் அந்த வட்டத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று வைத்திருப்பாள். அண்ணி அதைப் பெயிண்ட் உரிந்த காயம் என்று நினைத்துவிட்டாள். கவனமாக பிரைமர் வைத்து, மேலே இரண்டு கை கறுப்பு அடித்து, காயம் இருந்த சுவடே தெரியாமல் ஆற்றிவிட்டாள்.

ஒயருக்குச் சிரிப்புகூட வந்தது. 'அண்ணி, இங்க பெயிண்ட் அடிக்கக் கூடாது' என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

"நாளைக்கு அந்த நீலப் புடவையைக் கட்டிக்கோ. சிவப்பு மூடிக்குப் பக்கத்துல எடுப்பா இருக்கும்."

திறந்த வாயை ஒயரு மூடிக்கொண்டாள். வளையத்தை அந்தக் கறுப்பின்மேல் வைத்தாள். நட்டைப் போட்டு ஸ்பேனரால் இறுக்கினாள். எப்போதையும்விட ஒரு சுற்று அதிகமாகவே இறுக்கினாள்.

"ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?" என்று அண்ணன் வந்து கேட்டான்.

"பெயிண்ட் காயட்டும். காலையில பாத்துக்கலாம்" என்றாள் அவள்.

காலையில் மீசை தன் லாரியோடு வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தார். அண்ணி நீலப் புடவையில் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். தெருவில் பாதி வாசலில் நின்றது. அண்ணன் சாவியைத் திருப்பினான்.

டக்.

மறுபடி திருப்பினான். டக். டேஷ்போர்டில் எரிந்த விளக்குகள் சோர்ந்துபோய்க் கண்ணை மூடின.

"என்னடா, ஃபேஷியல் முடிஞ்சதும் பொண்ணு வெளிய வர வெக்கப்படுதா?" என்றார் மீசை.

பேட்டரியில் குறை என்று நினைத்து, மீசையின் வண்டியிலிருந்து கேபிள் இழுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் டக். அண்ணன் இறங்கி பானட்டைத் தூக்கினான். உள்ளே எல்லாம் மின்னியது. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவன் நெற்றியில் வேர்வை பூத்தது. திரும்பி ஒயரைப் பார்த்தான்.

இந்த ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. வண்டி நின்றால் அண்ணிக்குக் கெட்ட பெயர் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள்.

"பெயிண்ட் அடிச்சா வண்டி நிக்குமாடி? ஒயரிங் உன் வேலை. நேத்து கழட்டி மாட்டினது நீ. என்னத்தைப் பண்ணித் தொலைச்சே?" என்று அண்ணன் சீறினான்.

ஒயரு தரையைப் பார்த்தாள்.

"நாலு வருசம் ஒரு நாள்கூட இப்படி நின்னதில்ல. இன்னைக்குன்னு பாத்து, ஊர் முன்னாடி... வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுடி!"

அண்ணி வண்டியிலிருந்து இறங்கினாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"அவளைத் திட்டாதீங்க. நேத்து அவ சரியாத்தான் மாட்டினா. நான்தான் அதுக்கப்புறம் துடைக்கிறேன்னு எதையெதையோ அசைச்சேன். தப்பு என்னோடது."

தெரு 'ச்சு' கொட்டியது. அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்: "பார்த்தியா, நாத்தனாருக்காகப் பழியைத் தன் தலைமேல போட்டுக்கிறா. இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

மீசைகூடத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அண்ணனின் கோபம் பொசுக்கென்று இறங்கி, அவன் மனைவியைப் பார்த்த பார்வையில் பாகு வழிந்தது.

ஒயருக்கு உச்சந்தலைவரை எரிந்தது. இஞ்சின் போனது, சீட் போனது, படம் போனது. பழி ஒன்றுதான் தன்னுடையதாக மிச்சமிருந்தது. அதையும் அண்ணி எடுத்துப் புடவையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்! இந்த நல்ல பெயரையும் அவளுக்கே விட்டுக்கொடுப்பதைவிடத் தெருவே காறித் துப்பினாலும் தேவலை.

"அண்ணி பொய் சொல்றாங்க" என்று கத்தினாள். "அவங்க எதையும் அசைக்கல. எர்த் வளையத்துக்கு அடியில பெயிண்ட் இருக்கு. இருக்குன்னு தெரிஞ்சேதான் மாட்டினேன். நான்தான் பண்ணினேன்!"

எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது.

அண்ணன் கருவிப் பெட்டியைத் திறந்து உப்புத்தாளை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் ஒயரைக் கழற்றினாள். அண்ணியின் கறுப்புப் பூச்சு எளிதில் வரவில்லை. அவ்வளவு நன்றாக அடித்திருந்தாள். நாணயம் அகலத்துக்கு இரும்பு தெரியும்வரை தேய்த்து, வளையத்தை வைத்து, நட்டை முடுக்கினாள். அண்ணன் சாவியைத் திருப்பியதும் இஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது.

அண்ணி பக்கத்து சீட் கதவில் கை வைத்தாள்.

"நீயும் வேண்டாம்" என்றான் அண்ணன். "அவளும் வேண்டாம். ஒருத்தி என் வண்டியை நிறுத்துறா. ஒருத்தி என்கிட்டயே பொய் சொல்றா. நான் தனியாப் போறேன்."

"நான் வேணும்னா மீசைக்கு மை தடவிக்கிட்டுப் பக்கத்துல வந்து உட்காரட்டுமா?" என்றார் மீசை. யாரும் சிரிக்கவில்லை. இரண்டு லாரிகளும் புகையைக் கக்கிக்கொண்டு தெருமுனை திரும்பின.

வாசலில் எண்ணெய்ச் சொட்டுகளுக்கு நடுவில் இரண்டு பேரும் நின்றார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"உங்களை யாரு எனக்குப் பரிஞ்சு பேசச் சொன்னது?" என்றாள் ஒயரு.

"உனக்காகப் பேசினேன்னு நினைச்சியா?" அண்ணி கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, அழுக்கான புடவைக் கரையைப் பார்த்தாள். "உன்னைத் திட்டினா உங்க அண்ணனுக்கு அரை மணி நேரம் தாங்காது. மனசு இளகி, சமாதானம் பண்றேன்னு உன்னைத்தான் ஏத்திக்கிட்டுப் போவாரு. எனக்குத் தெரியாதா? எட்டு மாசமா ஒயரு, ஒயருன்னு கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. வண்டியில எந்தச் சத்தம் கேட்டாலும் முதல்ல உன்னைத்தான் கூப்பிடுறாரு. ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டிருக்காரா?"

தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒயரு நம்பியிருக்கமாட்டாள். உள்ளுக்குள் எங்கோ கொஞ்சம் இனித்தது. அதை வெளியே காட்டாமல் ஸ்பேனரைத் துடைத்தாள்.

அண்ணி புடவைக் கரையை உதறிவிட்டுக் கேட்டாள். "சரி, சொல்லு. அந்த மாதிரி பெயிண்ட் படக்கூடாத இடம் மொத்தம் எத்தனை இருக்கு? அடுத்த வருசம் டேப் ஒட்டிட்டு அடிக்கிறேன்."

மொத்தம் மூன்று. பேட்டரியிலிருந்து சட்டத்துக்கு ஒன்று. இஞ்சினிலிருந்து சட்டத்துக்கு ஒன்று. கேபினுக்கு அடியில், குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரிகிற இடத்தில் ஒன்று.

ஒயரு ஸ்பேனரைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

"ரெண்டுதான் அண்ணி" என்றாள். "ரெண்டையும் காட்டித் தர்றேன்."