பட்டியலில் இல்லாத சொல்

"பரீட்சைக்கு நான் ரெடி," என்று காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார் அவர்.

பதினொன்றாம் வகுப்புக்கு உளவியல் எடுப்பவள் அவர் மனைவி. ஞாபகம் பற்றிய பாடம் வரும் நாளில், பிள்ளைகளுக்கு வைக்கப்போகும் சோதனையைக் காலையில் புருஷனுக்கு வைத்துப் பார்ப்பாள். மெத்தை, தலையணை, போர்வை, கொட்டாவி, குறட்டை என்று பன்னிரண்டு சொற்கள். வாசித்து முடித்ததும் நினைவிலிருந்து எழுத வேண்டும். அவர் எப்போதும் பத்துச் சொல்லாவது எழுதுவார். பட்டியலிலேயே இல்லாத 'தூக்கம்' என்பதையும் சேர்த்துவிட்டு, "நீதான் சொன்னே, சத்தியமா!" என்பார். சூட்சுமம் தெரிந்த பிறகும், அவளைச் சிரிக்க வைக்கவே வருஷா வருஷம் அப்படி எழுதுவார்.

அன்று மூன்று சொற்களோடு பேனா நின்றது.

"என்ன சார், தூங்கிட்டீங்களா?"

"வரலடி," என்று நெற்றியைத் தேய்த்தார்.

"மனசு இங்க இருந்தாத்தானே வரும்!" சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதி, தாளை மடித்து அவர் சட்டைப்பையில் செருகினாள்.

பதினொரு மணிக்கு ஆபீஸ் நாற்காலியிலிருந்து சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு; பிழைக்கவில்லை. அதே நேரம் அவள் அந்த மூன்று சொல் கதையைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று பாதியில் நின்ற பாடத்தை ஒன்றரை மாதம் கழித்து எடுத்தாள். முக்கால்வாசிப் பேர் 'தூக்கம்' எழுதியிருந்தார்கள்.

"நீங்க சொன்னீங்க டீச்சர்! என் காதால கேட்டேன்," என்று மல்லுக்கு நின்றாள் முதல் பெஞ்சு வாயாடி.

"சொல்லலைம்மா. சுத்தியிருக்கிற சொல்லெல்லாம் சேர்ந்து, இல்லாததையும் கேட்ட மாதிரி ஆக்கிடும்."

"அப்ப நிஜமா கேட்டதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"மனசைக் கேட்டா தெரியாது. வெளிய ஒரு சாட்சி வேணும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 'தலை வலிக்குது' என்று அன்று அவர் சொன்னாரா? ஒன்றரை மாதமாக அந்தக் குரல் கேட்கிறது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், ஒரு நாள் வாசலில் செருப்பு மாட்டும்போது. இடம் மாறி மாறிக் கேட்பதால், அவளாகவே சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். அப்படி இருந்துவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

வீட்டுக்கு வந்ததும், அவர் பொருட்களைப் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த உறையிலிருந்து அந்தத் தாளை முதல் தடவையாகப் பிரித்தாள். மெத்தை. தலையணை. மூன்றாவது சொல் பாதியில் கோடாக இழுபட்டுக் கீழே சரிந்திருந்தது. அதற்கடியில், அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில், சிவப்பு மையில்: 'கவனம் போதாது.'