தஹானியின் முழங்கை

தும்யாத் ஊரிலேயே ஷவ்கியைப் போல் பிஸ்கட் சுடுகிறவன் கிடையாது. இதைச் சொன்னது ஊர் அல்ல, ஷவ்கிதான். அடுப்பு மூட்டும்போது ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை சொல்லிக்கொண்டே இருப்பான். "கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்பது அவன் மனைவி இன்ஸாஃப் கல்யாணம் ஆன நாளிலிருந்து வைத்துவரும் கோரிக்கை.

அவர்களுடைய ஒரே மகள் தஹானி பிறக்கும்போது தோள் சிக்கிக்கொண்டு, கழுத்தருகே வலக்கைக்குப் போகும் நரம்புகள் அறுந்துபோயின. கைக்குழந்தையாக இருந்தபோதே கெண்டைக்காலிலிருந்து நரம்பு எடுத்து அங்கே ஒட்டவைத்தார்கள். விரல்கள் எதையும் கெட்டியாகப் பிடித்தன. முழங்கைதான் மடங்கவில்லை. ஒட்டிய நரம்பு மெல்லத்தான் வளரும், பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். பொறுமைக்கும் ஷவ்கிக்கும் ஏழாம் பொருத்தம். இப்போது பிள்ளைக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. நோன்புப் பெருநாள் கழித்து வரச் சொல்லியிருந்தார். அப்போதும் மடங்காவிட்டால் மறுபடியும் கத்திதான்.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் ஹிக்மத் அம்மாள் ஒரு வழி சொன்னாள். "இடது கையை மெதுவாப் பிடிச்சுக்குங்க. வலது மேல்கையை விலாவோட சேர்த்து வைங்க. உள்ளங்கையில ஒரு பிஸ்கட்டைக் குடுங்க. ஆசைப்பட்டு வாய்க்குக் கொண்டுபோனா முழங்கை மடங்கியே ஆகணும். ஏதாவது ஒரு கடை பிஸ்கட் போதும்."

"கடை பிஸ்கட்டா? என் வீட்டுலயா?" ஷவ்கிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்று பகலே வீட்டு அடுப்பில் ஒரு டின் நிறையச் சுட்டான்.

"ருசி பார்த்தீங்களா?" என்றாள் இன்ஸாஃப்.

"நோன்பாளி எப்படிடி ருசி பார்ப்பான்? என் கைக்கே நாக்கு இருக்கு."

"நல்லவேளை, வாய் இல்ல. இருக்கிற ஒரு வாயையே தாங்க முடியல."

எப்படிச் சாப்பிடுவது என்று காட்ட, முதல் பிஸ்கட்டை இன்ஸாஃபே மகளின் வாயில் வைத்தாள். தஹானி கடித்தாள், முகத்தைச் சுளித்தாள், துப்பினாள்.

"பல்லு முளைக்குது" என்று ஷவ்கி தீர்ப்புச் சொன்னான்.

அதன்பிறகு எத்தனை முறை கையில் வைத்தாலும் அவள் அதைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கை மேலே வரவே இல்லை. நோன்பு திறந்த பிறகும் ஷவ்கி அந்த டின்னைத் தொடவில்லை. அது மகளுக்கான மருந்தாயிற்றே. பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்ப் பிள்ளைகள் அவன் கடை வாசலில் அடித்துக்கொள்கின்றன, பெற்ற மகளை ஒரு பிஸ்கட்டுக்கு ஆசைப்பட வைக்க முடியவில்லை. நீயெல்லாம் ஒரு பேக்கரிக்காரன், தூ, என்று கடைக் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டான். உண்மையில் அவனுக்குப் பிஸ்கட் கவலை இல்லை. நரம்பு பிடிக்காமலே போய்விட்டதோ என்ற பயம். அதைச் சொல்ல மட்டும் அந்த வாய்க்குத் தைரியம் வரவில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் மதியம். வழக்கம்போல் இன்ஸாஃப் பக்கத்தில் உட்கார, மகளை மடியில் எதிர்முகமாக உட்காரவைத்து, மேல்கையை விலாவோடு அணைத்து, முகத்துக்கு நேரே குனிந்து கெஞ்சினான்.

"என் கண்ணே, என் ராணி, இந்த மாதிரி வெண்ணெய், இந்த மாதிரி எள்ளு, இந்த ஊர்லயே எவனும்..."

தஹானிக்குப் போதும் போதுமென்று ஆகியிருக்க வேண்டும். கையிலிருந்த பிஸ்கட்டைத் திறந்திருந்த அந்த வாயில் திணித்தாள்.

ஷவ்கி நோன்பு நினைவில்லாமல் மென்றான். விழுங்கினான். முகம் கோணிப்போயிற்று.

"அட பாவி! உப்பு! சர்க்கரைன்னு உப்பைக் கொட்டியிருக்கேன்! வெறும் உப்பு!"

"ஏங்க, நோன்பு!" என்று கத்தினாள் இன்ஸாஃப்.

"மறந்துட்டேன்டி. மறந்து சாப்பிட்டா நோன்பு போகாது, அல்லாஹ் ஊட்டினது. ஆனா உப்பு! பிள்ளைக்கு இத்தனை நாளும் உப்பையா..."

"ஊட்டினது யாருன்னு பாருங்க! எந்தக் கைன்னு பாருங்க!"

ஷவ்கி அப்போதுதான் குனிந்து பார்த்தான். மகளின் இடது கை இன்ஸாஃபின் பிடியில் இருந்தது. மீதிப் பாதி பிஸ்கட் வலது கையில் இருந்தது. மேல்கை அவன் அணைத்தபடியே இருக்க, முழங்கை மறுபடி மடங்கியது. மெதுவாக, நடுங்கியபடி, பிஸ்கட் அவன் உதட்டுக்கு வந்தது.

சொல்ல ஆயிரம் இருந்தது. தெருவுக்கே கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறக்கப் போனான்.

"திறக்காதீங்க!" இன்ஸாஃப் அழுதுகொண்டே சிரித்தாள். "வாய்க்குள்ள போயிட்டா கையை மடக்குறதை விட்டுடுவா. மூடிக்கிட்டே இருங்க!"

ஷவ்கி உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டான். கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. தஹானி பிஸ்கட்டை அவன் உதட்டில் மோதினாள், கையை இறக்கினாள், சலிக்காமல் மறுபடி மடக்கினாள். அவன் வாயைத் திறக்கவே இல்லை.