காவேரி கேட்ட வசனம்

துர்காதேவி ஒரே ஒரு படத்தில்தான் நடித்திருந்தாள். பெரிய ராஜா கதை. தன் கணவனைக் கொன்ற அரசனை, தலைவிரி கோலமாகச் சபை நடுவில் நின்று அவள் சபிப்பாள். அடுத்த காட்சியில் அவன் வாயடைத்து விழுவான். அந்த இடத்துக்காகவே ஜனங்கள் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அதன்பின் வேறு வேஷத்துக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலைக்கு வந்தாள். கல்யாணப் பெண்ணோடு வரும் தாய்மார்கள் சிலர், அவள் பார்வை படாமல் மகளை மறைத்துக்கொள்வார்கள். சிலர் செல்ஃபி கேட்பார்கள். இரண்டுமே அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள், கடையில் கூட்டமில்லாத நேரத்தில், ஐயம்பேட்டையிலிருந்து காவேரி என்ற பெண் வந்தாள். புடவை எடுக்க வரவில்லை.

"எங்கண்ணன் முத்துக்குமார் என்னை வீட்டைவிட்டுத் தொரத்திட்டாருமா. புருசன் இல்லாதவ நான் எங்க போவேன்? படத்துல சொன்னீங்களே, அதை அவர் பேரைச் சொல்லி ஒருவாட்டி சொல்லுங்க."

"அது சினிமாம்மா."

"தெரியும். எனக்காகச் சொல்லுங்க."

துர்காதேவி சிரித்துக்கொண்டேதான் எழுந்தாள். முதல் வரியிலேயே சிரிப்பு போய்விட்டது. கடையில் இருந்தவர்கள் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு நின்றார்கள். பல வருஷமாகக் கேட்காத தன் குரலை அவள் கேட்டாள். உன் நாக்கு உனக்கே உதவாமல் போகட்டும் என்று முடித்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது.

கார்த்திகையில் காவேரி திரும்பி வந்தாள்.

"அண்ணனுக்குப் பக்கவாதம் வந்துடுச்சுமா. வாய் கோணிக்கினு பேச்சே வரல. அன்னைக்கே ஆத்திரத்துல போன் பண்ணி நீங்க சபிச்சதைச் சொல்லிட்டேன். அப்பலேர்ந்து சரியாத் தூங்கலையாம். திருப்பி எடுத்துக்குங்கமா."

"நான் என்னத்தை எடுத்துக்கறது? யாரோ எழுதிக் குடுத்தது அது. நான் நடிச்சேன்."

"படத்துல நடிச்சீங்க. அன்னைக்கு நடிக்கல."

துர்காதேவி அண்ணன் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் தலையை இறுக்கிப் பின்னிப் பூ வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை போனாள். கட்டிலில் படுத்திருந்த முத்துக்குமார் அவளைக் கண்டதும், இயங்குகிற கையால் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, நான் பட்டுக்கடையில வேலை செய்யறவ. அது வெறும் வசனம். உங்களுக்கு நல்லாயிடும்," என்றாள் மெதுவாக.

போர்வைக்குள் நடுக்கம் நிற்கவில்லை.

"போதும்மா, நீங்க கெளம்புங்க," என்றாள் அவர் மனைவி.

போகப்போக முத்துக்குமாருக்கு நடை வந்தது. பேச்சு வரவில்லை. காவேரி அந்த வீட்டிலேயே தங்கி அண்ணனுக்குச் சோறு ஊட்டுவதாகக் கேள்வி. கடைக்கு வருகிறவர்கள் வசனத்தைச் சொல்லச் சொன்னால், துர்காதேவி மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டுப் புடவையை விரிப்பாள்.

தை பிறந்தபின் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் காவேரி எதிரே வந்தாள். துர்காதேவி நின்று, "அண்ணன் எப்படி இருக்காரும்மா?" என்று கேட்டாள். காவேரி அவள் முகத்தைப் பார்க்காமல் கைகூப்பிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாகக் கடந்து போனாள்.