ஆடு தின்ற பேர்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. பதுளை பஜாரில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த, ஊரே ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்ட மர்ஸூக்கின் தலையில் கை வைத்தே சத்தியம் செய்யலாம். தாங்கக்கூடிய தலைதான்.

எழுபத்தொன்பதாம் வருஷம், மழை விட்டிருந்த ஒரு காலை. தெமோதரைத் தோட்டத்திலிருந்து வேலாயியும் அவள் புருஷன் நல்லையாவும் கடையேறி வந்தார்கள். வேலாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கேசட்டை மேசையில் வைத்தாள். மர்ஸூக் அதை உடனே தொடவில்லை. நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கூட வந்தவர்களின் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். பிறகு கேசட்டைக் காதோடு சேர்த்துப் பிடித்து, பென்சிலை அதன் பல்சக்கரத்தில் விட்டு மெல்லச் சுற்றினார். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். முகர்ந்தும் பார்த்தார்.

“இது தண்ணி பட்டுக் கெட்டதில்ல தங்கச்சி. இத ஆரோ வறுத்தீக்காங்க.”

வேலாயி புருஷன் பக்கம் திரும்பினாள்.

“ஏ வேலாயி, மொறைக்காத,” என்றான் நல்லையா. தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை காய்கிற டிரையருக்கு அவன்தான் பொறுப்பு. “இந்தியாவுலருந்து இதக் கொண்டாந்தவரு மழையில நனைஞ்சிட்டாருங்க நானா. ஈரமா எது வந்தாலும் நமக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதானே? தூளோட தூளா ஒரு சுத்து விட்டேன்.”

“எந்தத் தூளோட?”

“பீஓபீங்க, ஒசத்தித் தூளு.”

“அதான் வாசம் நல்லாயீக்குது,” என்றார் மர்ஸூக்.

விஷயம் இதுதான். வேலாயியின் தம்பி இராமையா, இந்தியாவுக்குப் போகக் கடதாசி கிடைத்துக் கப்பலேறித் திருச்சிப் பக்கம் போய்விட்டான். அங்கே அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவர்கள் வழக்கப்படி பிள்ளையின் காதில் அத்தைதான் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும். அத்தையோ கடலுக்கு இந்தப் பக்கம். அதனால் இராமையா தேர்ந்தெடுத்த பேரைக் கேசட்டில் பேசி அனுப்பியிருந்தான். வெள்ளிக்கிழமை அவள் இங்கிருந்தபடியே கூப்பிட்டால்தான் அங்கே அவர்கள் அந்தப் பேரை வாயில் எடுப்பார்கள்.

“எதச் சொல்லிக் கூப்புடுவேன் நானா? புள்ள பேரில்லாம கெடக்குங்க,” என்றாள் வேலாயி.

மர்ஸூக் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே நாடா, முறுக்கிக் காய்ந்த கொழுந்து மாதிரியே சுருண்டு கிடந்தது. கொதிக்கிற தண்ணீரின் ஆவியைக் காட்டினார், அசையவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கேத்தல் பிளேன் டீ வரவழைத்து அதன் ஆவியைக் காட்டியதும் சொந்தக்காரனைக் கண்டதுபோல இளகிக்கொடுத்தது. அதை இழுத்து நிமிர்த்தக் கடைக்குள் இடம் போதாது. ஒரு நுனியைத் தன் கடைக் கதவில் கட்டி, தெருவைக் குறுக்கே கடந்து, எதிரே துணிக்கடை வைத்திருந்த வாஹிதின் தூணைச் சுற்றி, மறுபடி கதவு, மறுபடி தூண் என்று பஜாரை மறித்துக் கொடி கட்டினார்.

பசறை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி வந்தார்.

“என்ன நானா இது?”

“ஒரு புள்ளட பேர் காயுது.”

அது நியாயமான காரணமாகப் பட்டதால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பயணிகள் இறங்கித் தேநீர் குடித்தார்கள். வாஹிதிடம் சாரத்துக்குப் பேரம் பேசினார்கள். முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் அங்கேயே ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்தன. பஜாரே அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில், வாஹிதின் ஆடு தூணருகே நின்று ஒரு சாண் நாடாவை மென்றுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அறுந்த இரண்டு முனைகளையும் மர்ஸூக் நகப்பூச்சு வைத்து ஒட்டினார். புதுக் கூட்டில் சுற்றி ஓடவிட்டார்.

“அக்கா, ராமையா பேசுறேன். எல்லாரும் சொகம். இங்க கம்பளி தேவப்படல. புள்ள ஒன்னைய மாதிரியே கோவக்காரி. அவளுக்கு நாங்க வச்சிருக்கிற பேரு...” கர்ரென்று ஓர் இழுப்பு. “...அத மூணு தடவ சத்தமா கூப்புடுக்கா.”

எல்லாரும் ஆட்டைப் பார்த்தார்கள். அது அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“அறுத்துப் பாத்துருவமா?” என்றான் நல்லையா.

“வாஹித்ட ஆடு அது. அறுத்தாப் பேரும் அவருக்குத்தான் சேரும்,” என்றார் மர்ஸூக்.

வேலாயி சிரிக்கவில்லை. கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மர்ஸூக் அவளைப் பார்த்தார், கேசட்டைப் பார்த்தார். இவ்வளவு காலமும் ஒரு சாமானையாவது ‘சரிவராது’ என்று திருப்பிக் கொடுத்த பழக்கம் அவருக்கு இல்லை. வால்வு எரிந்தால் வேறு வால்வு; கம்பி அறுந்தால் வேறு கம்பி. பற்றவைப்பதற்கு ஒரு முனையாவது கிடைக்காமல் போகாது. பேருக்கு எங்கே போவது? சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு படியருகே வந்தார்.

“ஆவி புடிக்கக்குள்ளயே அந்த எடத்தக் காதுல வச்சுக் கேட்டுட்டன் தங்கச்சி. பேர் வேலாயி.”

“எம் பேரா?”

“உங்கட பேர்தான். தெளிவாக் கேட்டிச்சி.”

“இங்க ஒண்ணு பத்தாதாக்கும்,” என்று நல்லையா முணுமுணுத்தான். “கடலுக்கு அந்தாண்டயும் ஒண்ணா.”

வேலாயி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பஸ் அவர்களையும் ஏற்றிக்கொண்டு, எதிர்த் திசையாக இருந்தபோதிலும், தெமோதரை வரை கொண்டுபோய் விட்டது.

வெள்ளிக்கிழமை தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மேலே உள்ள பாறையில் வேலாயி ஏறி நின்றாள். கீழே பள்ளம் முழுவதும் பனி நிரம்பியிருந்தது. வடக்கே திரும்பி, இரண்டு கையையும் வாயோடு குவித்து, தன் பேரைத் தானே மூன்று தடவை கூப்பிட்டாள். அடுத்த மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவந்த மர்ஸூக்குக்கு, சின்ன வயதில் வந்த காய்ச்சலிலேயே இரண்டு காதும் போய்விட்டிருந்தன.