அப்போதிக்கரிக்குக் கை தூக்கிய போடியார்

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அறுவடை தொடங்கிவிட்டால் பெரிய நிலக்காரரான கந்தப்போடியாருக்கு ஊர் உலகம் மறந்துபோகும். தான் நகரசபையில் ஓர் அங்கத்தவர் என்பதும் அந்த மாசி மாதத்தில் மறந்துதான் போயிருந்தது. வெள்ளாமை வெட்டுகிறவர்களோடு வயல்வட்டைக்குள் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தவரைத் தேடி, தோணிக்கார முனாப் வரம்பால் ஓடி வந்தான்.

“போடியார், நீங்க இங்கயா நிக்கிறீங்க? அக்கரையில, புளியந்தீவில சபை கூடிற்று. அப்போதிக்கரி ஐயாட சிலைக்கு இண்டைக்குத்தான் கை தூக்கிறாங்க!”

“இண்டைக்கா? நாளைக்கெண்டல்லோ நினைச்சன்!”

“நீங்க வேணுமெண்டுதான் ஒளிச்சிற்றீங்க எண்டு சனம் கதைக்கிது.”

சனத்தைப் பிழை சொல்லவும் முடியாது. அரசாங்க ஆசுபத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி அருமைநாயகமும் கந்தப்போடியாரும் எந்நாளும் எலியும் பூனையுந்தான். வடமோடிக் கூத்து பெரிதா தென்மோடி பெரிதா என்று துறையில் நின்று தொடங்கினால் தோணிகள் காத்துக் கிடக்கும். மலேரியாக் காய்ச்சல் வந்த வருஷம் அருமைநாயகம் மருந்துப் போத்தல்களோடு படுவான்கரைக்கு வந்தார். கொயினா மருந்து கசக்குது என்று துப்பிய போடியாரின் வயல் வாடிக்குள்ளேயே சம்மணங்கொட்டி உட்கார்ந்தார். “நீர் குடிக்குமட்டும் நான் எழும்பமாட்டன்” என்றார். போடியார் ஏசிக்கொண்டே குடித்தார், பிழைத்தார். ஊர் ஊராய்த் தோணியில் போன அருமைநாயகத்தை அதே காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

அவருக்குச் சபைக் கட்டடத்துக்குள் சிலை வைக்க வேண்டுமென்று ஊரார் கேட்டார்கள். சிலையும் செய்து வந்துவிட்டது. ஆனால் அது அரசாங்கக் கட்டடம். சபையில் பாதிப்பேருக்கு மேல் சம்மதித்தால்தான் திறக்கலாம் என்று கொழும்பிலிருந்து மறுமொழி வந்தது. அங்கத்தவர்கள் ஏழு பேர். மூவர் ஓம் என்றார்கள். மூவர், “தேசாதிபதிமாருக்கு வைக்கிற இடத்தில மருந்து கலக்கிறவருக்கோ?” என்று முகம் சுளித்தார்கள். மிச்சமிருந்தவர் கந்தப்போடியார்.

சேற்றுக்காலோடு தோணியில் பாய்ந்தவர் முனாப்பின் கையிலிருந்த மரக்கோலைப் பறித்து, தானே ஊன்றித் தள்ளினார். வாவியில் எதிர்க்காற்று. “போடியார், தோணி கவிழப்போகுது!” என்று முனாப் கத்தினான்.

“கவிண்டா நீந்துவம்!”

சபை மண்டபத்தில் சனம் வாசல்மட்டும் நெருக்கியடித்து நின்றது. ஓம் சொன்ன மூவரில் ஒருவரான தலைவர் வினாயகமூர்த்தி, போன கூட்டத்து அறிக்கையை எழுத்துக் கூட்டுகிறவர்போல இரண்டாந்தரமும் வாசித்துக்கொண்டிருந்தார். போடியார் வரட்டும் என்றுதான் அந்த இழுப்பு. உள்ளே நுழைந்தவரைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பெருமூச்சு விட்டார்.

முன்வாங்கில் அருமைநாயகத்தின் மனைவி ஆச்சிப்பிள்ளை இருந்தாள். கந்தப்போடியாரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பாள். அந்தக் குனிந்த தலை போடியாருக்கு நெஞ்சில் தைத்தது. இவளுமா என்னை அப்படி நினைத்தாள்?

“போடியாருக்குச் சொல்ல ஏதும் இரிக்கா?” என்று தலைவர் கேட்டார்.

போடியார் மூலையில் மூடி நின்ற சிலையைப் பார்த்தார்.

“அந்த மனிசன் போனதிலயிருந்து,” என்றார், “எனக்குச் சண்டை பிடிக்க ஆளில்ல. மற்றவனெல்லாம் நான் சொன்ன உடன ஓம் ஓம் எண்டுறான். என்ன சீவியம் இது? அவரைக் கொண்டுவந்து இங்க வையுங்க. கூட்டத்துக்கு வாற நேரமெல்லாம் நாலு வார்த்தை ஏசிற்றுப் போறன்.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கந்தப்போடியார் சேறு காய்ந்த கையை உயர்த்தினார். தலைவர் எண்ணத் தொடங்குமுன் எதிர்த்த மூவரில் ஒருவரும், சிரிப்பை அடக்க முடியாமல், தன் கையைத் தூக்கிவிட்டார்.

தீர்மானம் நிறைவேறியது. திறப்புக்கு நல்லநாள் பார்ப்போம் என்றார் தலைவர். சனம் கேட்கவில்லை. சிலை அந்த மூலையிலேதான் பட்டுத்துணி மூடி நின்றது. அதை விட்டுவிட்டு யார் வீட்டுக்குப் போவார்?

“இதைவிட என்ன நல்லநாள்? தங்கச்சி, வாங்க,” என்று கந்தப்போடியார் ஆச்சிப்பிள்ளைக்கு வழி விலக்கிக் கொடுத்தார்.

அவள் துணியை இழுத்தாள். மார்பளவுச் சிலை. கண் அவருடைய கண்தான். மூக்கும் அவருடையதுதான். ஆனால் சிற்பி எந்த ராசாவை நினைத்தானோ, மீசையை இரண்டு கன்னமும் நிறைய முறுக்கி விட்டிருந்தான்.

ஆச்சிப்பிள்ளை வாயைப் பொத்தினாள். அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்குத் தோள் குலுங்கியது சிரிப்பில்.

“அண்ணன், இந்த மீசைக்காக அவர் எத்தனை எண்ணெய் பூசினவர் தெரியுமா? ஒண்டும் முளைக்கல்ல. இப்பதான் முளைச்சிருக்கு!”

கந்தப்போடியார் தன் மீசையைத் தடவிக்கொண்டு சிலையை ஏற இறங்கப் பார்த்தார். “மீசையில என்னை வெண்டுபோட்டார்,” என்றார். தோள் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார்; சேறு கன்னத்தில் இழுபட்டது. அதைப் பார்த்து ஆச்சிப்பிள்ளை இன்னும் சிரித்தாள். படுவான்கரையிலிருந்து வந்திருந்த பெண்கள் குரவையிட்டார்கள். மண்டபம் அதிர்ந்து, துறையில் நின்ற தோணிக்காரர்களும் என்னவென்று கேட்டு ஓடி வந்தார்கள்.